(அ) முதல் (ஈ) வரை: அமைச்சரின் எழுத்துப் பதிலைப் படிப்பது எப்படி?

2021 பிப்ரவரியில் மக்களவையில் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்குச் சமூகநீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அதாவலே எழுத்து மூலம் பதில் கொடுத்தார். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கிச் சுத்தம் செய்யும்போது, 2020 டிசம்பர் வரையிலான ஐந்து ஆண்டுகளில் 340 பேர் இறந்திருக்கிறார்கள் என்றது அந்தப் பதில். மாநிலவாரியாகப் பார்த்தால் உத்தரப் பிரதேசத்தில் 52 பேர். அதற்கு அடுத்தது தமிழ்நாடு, 43 பேர்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 28 அன்று மாநிலங்களவையில் அதே துறை, அதே அமைச்சர். கையால் மலம் அள்ளும் தொழிலில் கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மல்லிகார்ஜுன கார்கேயும் எல். ஹனுமந்தய்யாவும் கேட்டிருந்தார்கள். அப்படி எந்த இறப்பும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது.

அந்த 340 பேர் எங்கே போனார்கள்? விடை, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப் பிரிவில் இருக்கிறது. சுகாதாரமற்ற கழிப்பிடங்களிலும் அவற்றின் கழிவு போய்ச் சேரும் திறந்த சாக்கடைகளிலும் குழிகளிலும் மலத்தைக் கையாள்பவரைத்தான் அந்தச் சட்டம் ‘கையால் மலம் அள்ளும் தொழிலாளி’ என்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்குவது அதே சட்டத்தில் ‘அபாயகரமான சுத்தம் செய்தல்’ என்று தனியாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. பிப்ரவரிக் கேள்வி இரண்டாவதைத் தொட்டது. ஜூலைக் கேள்வி முதலாவதின் பெயரைச் சொன்னது. விஷவாயு தாக்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு இந்த வேறுபாட்டால் எந்த ஆறுதலும் இல்லை. ஆனால் பதில் எழுதும் மேசைக்கு அது போதும்.

தூய்மைப் பணியாளர்களுக்காகப் போராடுபவர்கள் இந்தப் பதிலைக் கேட்டுக் கொதித்தார்கள். அது நியாயமான கோபம். சட்டத்தின் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வது பொறுப்பான அரசின் வேலை ஆகாது. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த முரண் வெளியே தெரிந்ததே இரண்டு பதில்களும் எழுத்தில் இருந்ததால்தான். மேடையில் சொன்னதை ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று திருப்பிவிடலாம். தேதியும் எண்ணும் போட்டு அவை மேசையில் வைத்த தாளை அப்படித் திருப்ப முடியாது. நம்முடைய எம்.பி.க்களின் கையில் இருக்கும் கருவிகளிலேயே சத்தம் குறைந்ததும், சரியாகப் பிடித்தால் கூர்மையானதும் இந்த எழுத்துக் கேள்விதான்.

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கேள்வி நேரத்தை. அங்கே எழுந்து நின்று கேட்கப்படுபவை நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள். அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்விகளும் உண்டு. மக்களவையில் நாளொன்றுக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலில் வரும், மாநிலங்களவையில் 15. ஒரு மணி நேரத்தில் அதில் நாலைந்து எடுபட்டாலே அதிகம். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் இருபதும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 1972க்குப் பிறகு இப்படி நடப்பது இப்போதுதான் என்று அதுவே செய்தியானது. எடுபடாத மீதிக் கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வந்துவிடும்.

நட்சத்திரக் குறியிடாத கேள்விகள் ஆரம்பத்திலிருந்தே எழுத்துப் பதிலுக்கானவை. மக்களவையில் நாளொன்றுக்கு 230 வரை, மாநிலங்களவையில் 160 வரை. ஒரு கூட்டத்தொடர் இருபது நாள் நடந்தால், மக்களவையில் மட்டுமே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துப் பதில்கள் சேரும். அமளியில் அவை பத்து நிமிடத்தில் ஒத்திவைக்கப்பட்ட நாளிலும் இவை மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். எதிர்க்கட்சி வரிசையின் கடைசி இருக்கையில் இருப்பவருக்கும், பேச நேரமே ஒதுக்கப்படாத சின்னக் கட்சிக்காரருக்கும் நம்பி இறங்கக்கூடிய இடம் இதுதான்.

நடைமுறை இப்படி. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எந்தத் துறைக்கு வாரத்தில் எந்த நாள் என்பது முன்பே வகுக்கப்பட்டிருக்கும். வந்து குவியும் அறிவிப்புகளில் எது முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். மக்களவையில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி ஒன்றுதான், எல்லாம் சேர்த்து ஐந்து. குலுக்கலில் அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கேள்வியும் பட்டியலுக்கு வராமலே போகும்.

அப்புறம் மக்களவை நடைமுறை விதி 41. கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், பழிச்சொல் எதுவும் இருக்கக் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கற்பனையாகவும் கேட்கக் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ள தகவலைக் கேட்பதும் ஆகாது. முதல் பார்வைக்கு இது கையைக் கட்டுவது போலத் தெரியும். எனக்கு என்னவோ இந்தக் கட்டுப்பாடு கேட்பவருக்கு நன்மையே செய்கிறது என்று படுகிறது. கோபத்தை வடிகட்டினால் மிஞ்சுவது தகவல் கேட்பது மட்டும்தான், பதில் எழுதுபவருக்குச் சங்கடம் தருவதும் அதுதான்.

‘பயிர்க் காப்பீட்டில் விவசாயிகளுக்கு உரிய நிவாரணம் கிடைக்க அரசு நடவடிக்கை எடுத்து வருகிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஆம், எடுத்து வருகிறது’ என்று தொடங்கித் திட்டத்தின் பெருமைகளை இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பிவிடுவார்கள். ‘தமிழ்நாட்டில் கடந்த மூன்று சம்பா பருவங்களில் மாவட்டவாரியாக எத்தனை இழப்பீட்டுக் கோரிக்கைகள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, காரணவாரியாகச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அட்டவணைதான் போட்டாக வேண்டும். அட்டவணை கையில் வந்துவிட்டால் உள்ளூர் நிருபருக்கும் விவசாய சங்கத்துக்கும் அதற்கப்புறம் வேலை சுலபம்.

பதில் தயாராகும் விதத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். ஒவ்வொரு அமைச்சகத்திலும் நாடாளுமன்ற வேலைக்கென்றே ஒரு பிரிவு உண்டு. கேள்வி அங்கே வந்ததும் சம்பந்தப்பட்ட பிரிவுக்குப் போகும். அங்கே வரைவு எழுதப்பட்டு, சார்புச் செயலர், இயக்குநர், இணைச் செயலர் என்று படியேறி அமைச்சரின் ஒப்புதலுக்குப் போகும். மாநிலங்களிடமிருந்து தகவல் வேண்டும் என்றால் இடையில் கடிதம் பறக்கும். ஒரு கேள்விக்காக டெல்லியில் தூங்கிக்கொண்டிருந்த கோப்பு எடுக்கப்படுகிறது, ஒரு மாவட்டத்தில் யாரோ ஒரு கணக்கை முதல் முறையாகக் கூட்டிப் பார்க்கிறார்கள். பதில் மழுப்பலாக வந்தாலும் இந்த அசைவு நடந்துவிடுகிறது. அதன் மதிப்பைக் குறைத்து எடைபோடக் கூடாது.

வந்து சேரும் தாள் ஒரே அச்சில் இருக்கும். மேலே கேள்வி எண். அதன் கீழே பதிலளிக்கும் தேதி, ஆங்கிலத் தேதியோடு சக ஆண்டுக் கணக்கிலும் போட்டிருப்பார்கள். கேட்டவரின் பெயர். ‘அமைச்சர் தயைகூர்ந்து தெரிவிப்பாரா’ என்ற பழைய வாசகம். பிறகு கேள்வியின் பகுதிகள் (அ), (ஆ), (இ), (ஈ) என்று. நடுவில் ‘பதில்’ என்று ஒரு கோடு. அதற்குக் கீழேதான் கண்ணை வைக்க வேண்டும். (அ)வுக்குத் தனியாக, (ஆ)வுக்குத் தனியாகப் பதில் வந்தால் நல்லது. ‘(அ) முதல் (ஈ) வரை:’ என்று நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு நீண்ட பத்தி வந்தால், அநேகமாக நான்கில் ஏதோ ஒன்றுக்குப் பதிலே இருக்காது. விரலை வைத்து ஒவ்வொரு பகுதியாக ஒப்பிட்டுப் பார்த்தால், எது நழுவியது என்று தெரிந்துவிடும். நான் பல பதில்களை இப்படிப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் நழுவுவது ‘ஆண்டுவாரியாக எவ்வளவு?’ அல்லது ‘இல்லை என்றால், காரணம் என்ன?’ என்ற பகுதிதான்.

இன்னொரு வழக்கமான பதில், ‘மாநிலங்கள் தெரிவிக்கவில்லை’. 2021 ஜூலை 20 அன்று, இரண்டாவது கொரோனா அலையில் ஆக்ஸிஜன் இல்லாமல் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு மாநிலங்களவையில் சுகாதாரத் துறை கொடுத்த பதில் இந்த வகை. பொதுச் சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் எதுவும் ‘குறிப்பாக’த் தெரிவிக்கவில்லை என்றது அது. யாரும் சாகவில்லை என்று அந்தத் தாள் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போனால் பதிலின் பொருளே தப்பிவிடும்.

கேள்வியை எந்தத் துறையிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே நீக்கிவிட்டார்கள். எழுத்துப் பதில்கள் மட்டும் மிஞ்சின. முதல் நாளான செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கில் ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட தரவு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் மக்களவையில் பதில் கொடுத்தது. நாடே அதிர்ந்தது. அதே வாரத்தில் மாநிலங்களவையில் டெரெக் ஓ’பிரையன் கேட்ட கேள்விக்கு ரயில்வே அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தது. தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்திருக்கிறார்கள், 87 உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன, 51 அறிக்கைகள் கிடைத்திருக்கின்றன என்று. மொத்தக் கணக்கைக் கேட்டபோது இல்லை என்று சொன்ன அரசிடம், ஒரு ரயிலின் அளவுக்குச் சுருக்கிக் கேட்டபோது எண் இருந்தது. சாலையில் நடந்தே செத்தவர்கள் இந்த 97க்குள் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இந்த உரிமை நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1861 சட்டம் உருவாக்கிய சட்டமன்றங்களில் கேள்வி கேட்க இடமில்லை. 1892 சட்டம்தான் அதற்கு வழிவிட்டது. 1893 பிப்ரவரி 16 அன்று முதல் கேள்வியைக் கேட்டவர் அயோத்திப் பகுதியின் பிங்கா ராஜா. சுற்றுப்பயணம் வரும் அரசு அதிகாரிகளுக்குச் சாமான்கள் கொடுக்க வேண்டியிருந்ததால் கடைக்காரர்கள் படும் கஷ்டத்தைப் பற்றிய கேள்வி அது. ஒரு பேரரசின் மன்றத்தில் முதல் கேள்வியே ஊர்க் கடைக்காரரின் மூட்டை அரிசியைப் பற்றியதாக இருந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அப்போது துணைக் கேள்வி கிடையாது. கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்பது 1909க்குப் பிறகு வந்தது, மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம் என்பது 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு. இன்றைய குறியிடாத கேள்வி அந்த வகையில் இன்னும் 1893இல்தான் நிற்கிறது. கேட்கலாம், பதிலை வாங்கிக்கொள்ளலாம், அந்த இடத்திலேயே மடக்கிக் கேட்க முடியாது. மடக்க வேண்டும் என்றால் அடுத்த கேள்வியாக எழுதி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

அப்படி விடாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சி ஒன்று உண்டு. 1957இல் எல்.ஐ.சி. நிறுவனம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. அதைப் பற்றி மக்களவையில் முதலில் ராம் சுபக் சிங் போன்றவர்களின் கேள்விகள் வந்தன. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி முழு விவரத்தையும் அவையில் போட்டு உடைத்தார். கேட்டவர்கள் ஆளும் காங்கிரஸ் வரிசையில் இருந்தவர்கள், பெரோஸ் பிரதமரின் மருமகன். நிதியமைச்சராக இருந்தவர் சென்னை மாகாணத்துக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி. நீதிபதி சாக்ளா ஆணையம் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். இன்று ஆளும் கட்சி உறுப்பினர்களின் கேள்விகளில் கணிசமானவை ‘அரசு செய்த சாதனைகளின் விவரம் என்ன’ என்ற ரகத்தில் இருப்பதைப் பார்க்கும்போது இந்தக் கதை நெஞ்சை உறுத்துகிறது.

பதிலில் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை மேசையில் வைக்கப்படும்’ என்று வந்தால் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் இன்னொரு கதவு திறக்கிறது. இப்படிப்பட்ட வாசகங்கள் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளப்படும். அவற்றைப் பின்தொடரவே மக்களவையில் 1953 டிசம்பர் முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மாநிலங்களவையில் 1972 முதல். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. நடப்பில் பல உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. கெடு நீட்டிக் கேட்பார்கள், சிலவற்றைக் கைவிட அனுமதி கேட்பார்கள். ஆனால் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கும், அறிக்கை போடும். நம் சட்டமன்றத்திலும் இதே பெயரில் குழு உண்டு. மாவட்டங்களுக்கு வந்து பாதியில் நிற்கும் பாலத்தையும் மருத்துவமனைக் கட்டடத்தையும் பார்த்துவிட்டுப் போவதைச் செய்தியில் படித்திருப்பீர்கள்.

மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 1,264 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தபோது சொன்ன காலம் 45 மாதம், அதாவது 2022 செப்டம்பர். 2019 ஜனவரியில் பிரதமர் அதற்கு மதுரையில் அடிக்கல் நாட்டினார். ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் இதற்குத் தரும் கடனுக்கான ஒப்பந்தம் 2021 மார்ச்சில் கையெழுத்தானது. 2022இல் முதல் அணியாக 50 மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தற்காலிகமாக உட்கார வைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கட்சி வேறுபாடு பார்க்காமல் கூட்டத்தொடர் தவறாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான், செலவு 1,977 கோடிக்கு மேல் போனதும் கெடு 2026 அக்டோபர் என்று நகர்ந்ததும் அரசின் வாயிலிருந்தே எழுத்தில் வந்து சேர்ந்தன. கேள்விகள் செங்கல்லை அடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். ஆனால் தாமதத்துக்குத் தேதி போட்டது அவைதான். மாநில அரசு நிலம் தரவில்லை, கடன் வரவில்லை என்று மாறி மாறிச் சொல்லப்பட்ட காரணங்களை அந்தத் தாள்களை வரிசையாக வைத்துச் சரிபார்க்க முடிகிறது.

இந்தக் கருவியை விற்றவர்களும் இருந்திருக்கிறார்கள். 1951இல் எச்.ஜி. முட்கல் என்ற எம்.பி., பம்பாய் தங்க வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்காகக் கேள்வி கேட்டார் என்று அப்போதைய தற்காலிக நாடாளுமன்றத்தின் குழு கண்டறிந்தது. 2005 டிசம்பர் 12 அன்று, கேள்வி கேட்கப் பணம் வாங்கும் எம்.பி.க்களின் ரகசியக் காணொளி ஒளிபரப்பானது. பதினோரு நாளில், டிசம்பர் 23 அன்று, 11 பேர் நீக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றமும் 2007இல் அந்த நீக்கத்தை ஏற்றது. 2023 டிசம்பரில் திரிணமூல் எம்.பி. மஹுவா மொய்த்ரா நீக்கப்பட்டபோது பிரச்சினை, கேள்விகளைப் பதிவிடும் இணையதளத்தின் கடவுச்சொல்லை வெளியாளிடம் கொடுத்தது. கொடுத்ததை ஒப்புக்கொண்ட அவர், பணம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டை மறுத்தார். 2024 தேர்தலில் மறுபடி வென்று வந்தார். ஒரு தொழிலதிபரோ வியாபாரிகள் சங்கமோ ஏன் ஒரு கேள்விக்குப் பணம் கொடுக்க வேண்டும்? அரசின் உள் தகவலை அரசே எழுதித் தரும் வழி இது என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். வாக்காளர்களாகிய நமக்குத்தான் அது இன்னும் முழுசாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

பதில் தவறாக இருந்தால் அதோடு கதை முடிவதில்லை. மக்களவைத் தலைவரின் வழிகாட்டுதல் 115இன் கீழ் உறுப்பினர் தவறைச் சுட்டிக்காட்டிக் கடிதம் கொடுக்கலாம். பொதுநலம் சார்ந்த விஷயம் என்றால் பதிலை வைத்தே அரைமணி நேர விவாதம் கேட்கலாம். வேண்டுமென்றே அவையைத் திசைதிருப்பினார் என்றால் உரிமை மீறல் பிரச்சினை கொண்டுவரலாம். இவை எல்லாவற்றுக்கும் அவை கூட வேண்டும். 17ஆவது மக்களவை ஐந்தாண்டில் மொத்தம் கூடியது 274 நாட்கள், முழுக் காலம் இருந்த மக்களவைகளிலேயே இதுதான் குறைவு. ஒவ்வொரு நாள் குறையும்போதும் 250 கேள்விகளுக்கான இடம் குறைகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோடும் இதற்கு ஓர் உறவு இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 8(1)(j) பிரிவை ஒட்டி ஒரு வரி இருந்தது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது. எம்.பி. கேட்கும் கேள்வியின் பாரம் அதனால் இன்னும் கூடியிருக்கிறது.

இரு அவைகளின் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கின்றன. உறுப்பினரின் பெயர் போட்டுத் தேடலாம், துறை போட்டும் தேடலாம். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழில் இல்லை என்பது பெரிய குறைதான். இருந்தாலும் உங்கள் தொகுதி எம்.பி. போன கூட்டத்தொடரில் என்ன கேட்டார் என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கேள்வி தேவைப்பட்டால் நாமே எழுதிக் கொடுக்கலாம், பல எம்.பி.க்களின் அலுவலகங்கள் வாங்கிக்கொள்ளவும் செய்கின்றன.

எழுதிக் கொடுக்க என்னிடம் ஒன்று இருக்கிறது. சாக்கடை மரணங்களில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. ஆகவே: (அ) பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, அல்லது மனிதக் கழிவு கலந்த வேறு எந்த இடத்திலும், சட்டம் அந்த வேலையை எந்தப் பெயரில் வகைப்படுத்தியிருந்தாலும், 2016 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுவாரியாக, மாவட்டவாரியாக இறந்தவர்கள் எத்தனை பேர், (ஆ) அவர்களில் எத்தனை குடும்பங்களுக்கு முழு இழப்பீடு போய்ச் சேர்ந்தது, (இ) கிடைக்காத குடும்பங்களுக்கு, ஒவ்வொன்றாக, காரணம் என்ன, (ஈ) வேலைக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் மீது வழக்குப் பதிவாகி, எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது?